ஹேஸ்டாக் பாறைக்குச் சூரியன் மறைவதைப் பார்க்கப் போகும் நம் மக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓரிகன் மாநிலத்தில் ஹில்ஸ்பரோ, பீவர்ட்டன், பெத்தனி பக்கத்துத் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். மே மாதம் பிறந்து மழை கொஞ்சம் விட்டதும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் முதலில் கிளம்புகிற பேச்சு கேனன் பீச் என்கிற கடற்கரை ஊர்தான். "சனிக்கிழமை சன்செட் பார்க்கப் போலாமா, யார் யார் வர்றீங்க" என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், யார் காரில் யார், யார் வீட்டுப் புளியோதரை என்பது வரை அன்று ராத்திரியே முடிவாகிவிடும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் கேட்கவே வேண்டாம், மல்ட்னோமா அருவிக்கு அடுத்து அவர்களை அழைத்துப் போகிற இடம் இதுதான். தாராளமாகப் போங்கள். 26ஆம் நம்பர் ரோட்டில் மேற்கே ஒன்றேகால் மணி நேரம் ஓட்டினால் பசிபிக் கடலே வந்துவிடுகிறது, அந்த ரோட்டுக்குப் பெயரே சன்செட் ஹைவே, இவ்வளவு பக்கத்தில் இப்படி ஓர் இடம் வாய்த்திருக்கும்போது போகாமல் இருப்பதுதான் தப்பு.

நான் எழுதுவது வேறு ஒன்றுக்காக. அந்தக் கேனன் பீச்சில் தண்ணீர் விளிம்பில் 235 அடி உயரத்துக்கு நிற்கிறதே ஹேஸ்டாக் பாறை, அதன் மேல் யாரும் ஏற வேண்டாம். குழந்தைகளைத் தூக்கி அதன் விளிம்பில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம். அதன் பக்கம் ட்ரோன் விட வேண்டாம். எந்த நேரத்திலும் வேண்டாம், சூரியன் மறைகிற நேரத்தில் கண்டிப்பாக வேண்டாம்.

அந்த நேரத்தைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பகலில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், பாறைக்கு முன்னால் மணலில் டெலஸ்கோப் வைத்துக்கொண்டு சிலர் நிற்பார்கள், குழந்தைகளைக் கூப்பிட்டுப் பறவையைக் காட்டுவார்கள், யாராவது ஏறப் போனால் பக்குவமாகச் சொல்லி இறக்கிவிடுவார்கள். 1985இலிருந்து நடக்கிற ஹேஸ்டாக் ராக் அவேர்னஸ் புரோகிராம்காரர்கள் அவர்கள். பகலில் கடல் உள்வாங்குகிற சில மணி நேரத்தை ஒட்டித்தான் அவர்கள் வேலை. இந்தக் கரையில் வசந்தத்திலும் கோடையிலும் கடல் நன்றாக உள்வாங்குவது பெரும்பாலும் காலையில். அதனால் ஜூன் மாதத்தில் ஒன்பது மணி தாண்டிச் சூரியன் இறங்கும்போது அங்கே சொல்ல ஆள் கிடையாது. கூட்டம் என்னவோ அப்போதும் இருக்கிறது. வெளிச்சம் தங்க நிறத்துக்கு மாறியதும் பாறையோடு ஒட்டி நின்று ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று ஒரு வேகம் வந்துவிடும், அந்த வேகத்தில் கால் தானாக மேலே போகும். ஒருவர் ஏறினால் நாலு பேர் ஏறுவார்கள்.

போன கோடையில் அப்படி ஒரு சாயங்காலம். ஒருவர் தன் பையனை, நாலு வயது இருக்கும், பாறையின் கீழ்த்திட்டில் தூக்கி நிறுத்திவிட்டுப் பின்னால் நகர்ந்து ஃபோனைப் பிடித்தார். உடனே இரண்டு பறவைகள், உடம்பு முழுக்கக் கரிக்கறுப்பு, மூக்கு மட்டும் சிவந்த கேரட் மாதிரி நீளமாக, விசில் அடிப்பது போலக் கத்திக்கொண்டே அந்தப் பையனுக்கு முன்னால் இப்படியும் அப்படியும் ஓட ஆரம்பித்தன. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், "பறவையும் போஸ் கொடுக்குது பாரு" என்று ஒருவர் வீடியோ எடுத்தார், பையனும் கைகொட்டிச் சிரித்தான். அவை போஸ் கொடுக்கவில்லை. ஆய்ஸ்டர்கேட்சர் என்கிற அந்தப் பறவை பாறையின் உச்சியில் கூடு கட்டாது. கடல் ஏறினாலும் தண்ணீர் தொடாத அளவுக்கு மட்டும் மேலே, நமக்கு இடுப்பளவு தலையளவு உயரத்தில், சின்னப் பள்ளத்தில் கூழாங்கல்லும் சிப்பித் துண்டும் போட்டு இரண்டு மூன்று முட்டை வைக்கும். முட்டையும் புள்ளி போட்ட கல் மாதிரியே இருக்கும். அதாவது நாம் குழந்தையைத் தூக்கி நிறுத்த வசதியாக இருக்கிற அதே திட்டுதான் அதற்கும் வசதி. அந்த அப்பா கெட்டவர் இல்லை, அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் போய் விஷயத்தைச் சொன்னதும் பதறிப்போய்ப் பையனை இறக்கிவிட்டார். நம் குடும்பங்கள் அங்கே போய் இறங்குவதற்கு முன்னாலேயே இது தெரிந்திருக்கட்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எது வரை போகலாம் என்பதற்குப் பாறையிலேயே கோடு போட்டிருக்கிறது. கீழ்ப்பகுதியில் வெள்ளையும் சாம்பலுமாக, கையை வைத்தால் கீறுகிற மாதிரி சொரசொரவென்று ஒட்டிக்கொண்டிருக்குமே பார்னக்கிள், நம் கடற்கரை ஊர்களில் கொட்டலசு என்பார்கள், அது எந்த உயரத்தில் முடிகிறதோ அதுதான் கடல் ஏறும்போது தண்ணீர் வந்து போகிற எல்லை. அதற்கு மேலே ஏறத் தடை. அந்தப் பாறை 'ஓரிகன் ஐலண்ட்ஸ் நேஷனல் வைல்ட்லைஃப் ரெஃப்யூஜ்' என்கிற சரணாலயத்தைச் சேர்ந்தது. இந்தக் கரை நெடுக 1,853 பாறைகளும் தீவுகளும் அந்தச் சரணாலயத்தில் அடங்கும், எதிலும் பொதுமக்கள் கால் வைக்க அனுமதி இல்லை. ஒரு காலத்தில் ஹேஸ்டாக்கில் ஆட்கள் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள், ஏறியவர்கள் விழுவதும், கடல் ஏறி மேலே மாட்டிக்கொள்வதுமாக இருந்ததால் 1960களின் கடைசியில் ஏறுவதற்கு வாகாக இருந்த பகுதியை வெடி வைத்தே தகர்த்தார்கள். 1990இல் சுற்றியுள்ள கடல்பகுதிக்கும் 'மரைன் கார்டன்' என்று பாதுகாப்பு வந்தது. பாறையைச் சுற்றி 300 கஜத்துக்குள் சிப்பி, நட்சத்திர மீன் என்று உயிருள்ள எதையும் எடுக்கக் கூடாது. குழந்தைகளின் பிளாஸ்டிக் வாளியைத் திரும்பிக் கிளம்பும்போது ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.

இதைச் சொன்னால் சிலர் "என்னங்க, எங்க போனாலும் இது கூடாது அது கூடாதுன்னு" என்று சலித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கடற்கரையின் கதையைக் கொஞ்சம் சொல்ல ஆசை. கலிஃபோர்னியாவில் பல இடங்களில் கடலுக்குப் போக வழி தேடி அலைய வேண்டியிருக்கும், வீட்டுக்காரர்களின் வேலி மறிக்கும். ஓரிகனில் அப்படி இல்லை. 1913இலேயே ஆஸ்வால்ட் வெஸ்ட் என்கிற ஆளுநர் ஈர மணலைப் பொதுச்சாலை என்று சட்டமாக்கினார். மேலே இருக்கிற காய்ந்த மணல் யாருக்குச் சொந்தம் என்பது பேசப்படாமலே கிடந்தது. 1966இல் இதே கேனன் பீச்சில் ஒரு மோட்டல்காரர் தன் விடுதிக்கு முன்னால் இருந்த காய்ந்த மணலைத் தடுப்பு போட்டு மறித்து, என் விருந்தாளிகள் மட்டும்தான் இங்கே உட்காரலாம் என்றார். மாநிலமே கொதித்தது. 1967இல் டாம் மெக்கால் ஆளுநராக இருந்தபோது பீச் பில் என்கிற சட்டம் வந்தது, செடிகொடி முளைக்கத் தொடங்குகிற கோடு வரைக்கும் மணல் மக்கள் நடமாட்டத்துக்கு என்றானது. வழக்கு போட்டார்கள். 1969இல் மாநில உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கம் நின்றது. என்ன காரணம் சொன்னது தெரியுமா? காலங்காலமாக மக்கள் இந்த மணலைப் பயன்படுத்தி வருகிறார்கள், அந்த வழக்கமே உரிமை என்றது.

நாம் விசா ஸ்டாம்பிங்குக்கு அலைந்து, வேலைக்காக வந்து குடியேறியவர்கள். நமக்காக யாரோ ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்னால் சண்டை போட்டு வாங்கி வைத்த மணலில்தான் ஜமுக்காளத்தை விரித்துத் தயிர்சாதம் சாப்பிடுகிறோம். யாரும் வந்து எழுந்திரு என்று சொல்ல முடியாது. அவ்வளவு பெரிய மணல்வெளி, மைல்கணக்கில், முழுசாக நமக்கு. பறவைகளுக்கு அந்த ஒரு பாறையும் பக்கத்தில் ஊசி மாதிரி நிற்கும் இரண்டு மூன்று துண்டுப் பாறைகளும்தான். மனிதர்களின் வழக்கமே சட்டமாகிற ஊரில், சாயங்காலம் அங்கே நாம் என்ன பழக்கம் ஏற்படுத்துகிறோம் என்பதும் முக்கியம்தானே.

சரி, அந்தப் பாறையில் அப்படி யார்தான் குடியிருக்கிறார்கள்?

முதல் ஆள் பஃபின். டஃப்டெட் பஃபின் என்று முழுப்பெயர். ஏப்ரல் தொடக்கத்தில் வரும், ஆகஸ்டில் போய்விடும். முக்கால் கிலோதான் இருக்கும், கறுப்பு உடம்பு, வெள்ளை முகம், ஆரஞ்சு நிறத்தில் பெரிய தட்டையான அலகு, இரண்டு கண்களுக்கும் பின்னால் எண்ணெய் வைத்து வாரிவிட்ட மாதிரி பொன்னிறக் குஞ்சம். பார்த்தால் யாருக்கும் பிடித்துப் போகும். இறக்கை குட்டை என்பதால் படபடவென்று விடாமல் அடித்துக்கொண்டு நேராகப் பறக்கும், மற்ற பறவைகள் மாதிரி காற்றில் மிதக்காது, அதை வைத்தே தூரத்திலிருந்து அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். தண்ணீருக்குள் போனால் அதே இறக்கையால் நீந்தி மீன் பிடிக்கும். பாறையின் வடக்குப் பக்கம் மேலே பச்சைப் புல் சரிவு ஒன்று தெரியும் பாருங்கள், அங்கேதான் அவை மண்ணைத் தோண்டி வளை போட்டுக் குடும்பம் நடத்துகின்றன. வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை. தாயும் தகப்பனும் மாற்றி மாற்றி ஆறு வாரத்துக்கு மேல் அடைகாக்கும், பொரித்த பிறகும் கிட்டத்தட்ட அதே அளவு நாள் அலகில் மீனைக் குறுக்காக அடுக்கிக் கொண்டுவந்து ஊட்டும். அப்புறம் ஒரு ராத்திரி அந்தக் குஞ்சு தனியாக வளையை விட்டு வெளியே வந்து கடலில் இறங்கிவிடும். கூட யாரும் போவதில்லை. சில வருஷம் நடுக்கடலிலேயே வளர்ந்து பிறகுதான் கரைப் பக்கம் திரும்பும். வளர்ந்த பஃபின்களும் குளிர்காலம் முழுக்க நிலத்தையே தொடாமல் பசிபிக்கின் நடுவில் மிதந்துகொண்டிருக்கும். அவை வருஷத்தில் மண்ணை மிதிப்பதே இந்த நாலைந்து மாதம்தான், அந்த நாலைந்து மாதத்தில்தான் நம் அப்பா அம்மாவும் ஊரிலிருந்து வருகிறார்கள், நாமும் பீச்சுக்குப் போகிறோம்.

1988இல் ஹேஸ்டாக்கில் எண்ணியபோது அறுநூறுக்கு மேல் பஃபின்கள் இருந்தன. இப்போது நூறுக்கு முன்பின்தான். ஓரிகன் கரை முழுவதுமே அப்போது ஆயிரக்கணக்கில் இருந்தவை இப்போது நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. இதற்கு நாம் பாறையில் ஏறியது காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய்யாகிவிடும். கடல் சூடாகிறது, சின்ன மீன்கள் இடம் மாறுகின்றன, கழுகுகள் பெருகியிருக்கின்றன, பெரிய காரணங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன, அவற்றில் எதையும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நம்மால் மாற்ற முடியாது. ஆனால் ஏற்கெனவே மூச்சுத் திணறுகிற கூட்டத்தில் நம் பங்குக்கும் ஒரு கை வைக்க வேண்டாம் என்பதுதான் என் பேச்சு. ஆறு வாரம் அடைகாத்த ஒற்றை முட்டை போனால் அந்த வருஷத்துக் கதை பெரும்பாலும் அதோடு முடிந்தது.

அடுத்தது மர் என்கிற பறவை. நிமிர்ந்து நிற்கும், முன்பக்கம் வெள்ளை, முதுகு கறுப்பு, குட்டிப் பெங்குயின் என்று குழந்தைகள் சொல்லும். இது கூடே கட்டாது. வெறும் பாறையில் ஒரே ஒரு முட்டை போட்டு, அதைக் காலில் தாங்கி, தோளோடு தோள் உரசி நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்து நிற்கும். அந்த நெருக்கம்தான் அவற்றுக்குப் பாதுகாப்பு. வெண்தலைக் கழுகு ஒன்று மேலே வந்தால் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் எழும்பிவிடும், எழும்பிய அந்த நிமிஷத்தில் முட்டைகள் உருளும், உருளாதவற்றை சீகல் என்கிற கடல்பறவையும் காக்காயும் வந்து கொத்திக்கொண்டு போகும். கழுகு ஒரே ஒரு பறவையைத்தான் எடுத்திருக்கும், ஆனால் அது கிளப்பிவிட்ட கலவரத்தில் போவது நிறைய. இப்போது ட்ரோனை நினைத்துப் பாருங்கள். மேலேயிருந்து இறங்குகிற, சத்தம் போடுகிற, முன்னே பின்னே தெரியாத ஒன்று. பறவைக்கு அது கழுகா ட்ரோனா என்று நின்று பார்க்கவா நேரம் இருக்கும்? நமக்குக் கிடைப்பது நாற்பது நொடி ரீல்ஸ். சரணாலயப் பறவைகளைக் கலைப்பது சட்டப்படி குற்றம் என்பதைச் சொல்லியே பயமுறுத்தலாம், அபராதம் கட்ட வேண்டி வரும் என்றும் சொல்லலாம். எனக்கு அப்படிப் பயமுறுத்தி நிறுத்த விருப்பமில்லை. அந்த முட்டை உருளுவதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ட்ரோன் காரிலேயே இருந்துவிடும்.

கழுகைக் குறை சொல்லவும் முடியாது. டிடிடி பூச்சிமருந்தால் முட்டை ஓடு மெலிந்து அழிகிற நிலைக்குப் போன இனம் அது, 1972இல் அந்த மருந்துக்குத் தடை வந்த பிறகு மெல்ல மீண்டு வந்திருக்கிறது. அது தன் பசிக்கு வேட்டையாடுகிறது.

சீகலுக்குத் தீனி போடுவது பற்றியும் சொல்ல வேண்டும். காக்காவுக்குச் சோறு வைத்துப் பழகிய கை நம்முடையது, முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கிற பறவைக்குப் போடாமல் இருக்க மனசு வராது, பாட்டிமார்களுக்குச் சுத்தமாக வராது. ஆனால் இந்த சீகல்தான் மேலே முட்டை எடுக்கிற ஆள். நாம் தீனி போட்டுப் போட்டு அதைப் பாறை அடிவாரத்திலேயே கூட்டி வைத்தால் மேலே இருப்பவற்றுக்குத்தான் தொல்லை. சாப்பாட்டைப் பாறையிலிருந்து தள்ளி, பின்னால் மேட்டு மணலில் விரித்து உட்கார்ந்து முடித்துவிடுங்கள். சாப்பிட்டதும் டப்பாவை மூடிப் பைக்குள் வையுங்கள்.

கீழே இருப்பவர்களையும் மறக்க வேண்டாம். கடல் உள்வாங்கியிருக்கும்போது பாறையைச் சுற்றிக் குட்டைகள் தெரியும், ஊதாவும் ஆரஞ்சுமாக நட்சத்திர மீன்கள் அப்பியிருக்கும், பச்சைக் கடல் சாமந்தி விரிந்திருக்கும். இவற்றை எல்லோரும் பார்த்து ஒதுங்கித்தான் நடப்பார்கள். பிரச்சினை, தண்ணீர் வடிந்த பாறையில் இருக்கிற கடல் சாமந்திகளால். அவை காயாமல் இருக்கத் தம்மை மூடிக்கொண்டு, மேலே சிப்பித் தூளும் மணலும் ஒட்டிக்கொண்டு, ஈரமான சொரசொரப்பான மணல்மேடு மாதிரியே இருக்கும். மிதித்தால் கொழகொழவென்று அழுந்தும், சில சமயம் சர்ரென்று தண்ணீர் பீய்ச்சும். அப்போதுதான் உயிருள்ளது என்றே தெரியும். அந்தி வெளிச்சத்தில் இது இன்னும் தெரியாது. அதனால் காலை வெறும் மணலில் மட்டும் வையுங்கள், மணல் போல இருக்கிற பாறையில் வேண்டாம்.

உங்கள் பத்திரத்துக்காகவும் ஒரு வார்த்தை. பாறைக்குப் பின்பக்கம் போனவர்கள் படம் எடுக்கும் மும்முரத்தில் தண்ணீர் ஏறுவதைக் கவனிக்க மாட்டார்கள், திரும்பிப் பார்த்தால் வந்த வழி இடுப்பளவு ஆகியிருக்கும். தண்ணீர் எலும்பைத் துளைக்கிற குளிர். இந்தக் கரையில் ஸ்னீக்கர் வேவ் என்று ஒன்று உண்டு, பத்து நிமிஷம் சாதுவாக வந்துகொண்டிருந்த அலை திடீரென்று பல மடங்கு தூரம் மேலே ஏறி ஆளைச் சாய்த்து இழுக்கும், கரையில் கிடக்கிற பெரிய மரக்கட்டைகளையே புரட்டிவிடும். கடலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். கிளம்பும் முன், கடல் ஏறி இறங்கும் நேரத்தைக் காட்டும் டைட் டேபிளை ஒருமுறை பாருங்கள், ஃபோனிலேயே கிடைக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, படம் நன்றாக வர வேண்டாமா என்று கேட்பீர்கள். வர வேண்டும். பாறையை விட்டுத் தள்ளி நின்றால்தான் வரும். 72 மீட்டர் உயரத்தின் அடியில் நின்று எடுத்தால் ஒரு கறுப்புச் சுவர்தான் படத்தில் விழும். ஜூனில் சூரியன் நன்றாக வடமேற்கே போய் இறங்கும், ஆகவே டொலோவானா பக்கம், பாறைக்குத் தெற்கே நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள், சூரியன் பாறையோடு சேர்ந்து இறங்கும். டொலோவானாவில் கார் நிறுத்தவும் இடம் உண்டு, ஊருக்குள் சுற்றிச் சுற்றி வர வேண்டாம். குளிர்காலத்தில் போனால் சூரியன் தென்மேற்கே, அப்போது பாறைக்கு வடக்கே நில்லுங்கள். அலை வடிந்ததும் ஈர மணல் கொஞ்ச நேரம் கண்ணாடி மாதிரி பளபளக்கும், பாறையும் ஆகாயமும் தலைகீழாக அதில் விழும், கேமராவைத் தரையோடு தாழ்த்திப் பிடித்தால் போதும். சூரியன் உள்ளே போனதும் எழுந்துவிடாதீர்கள். நம் ஊரில் விழுந்த கொஞ்ச நேரத்தில் இருட்டிவிடும், இங்கே கோடையில் அரை மணிக்கு மேல் வெளிச்சம் நிற்கும், நல்ல நிறமெல்லாம் அப்போதுதான் வருகிறது. வயதானவர்களால் மணலில் நடக்க முடியாது என்றால் ஈகோலா ஸ்டேட் பார்க்குக்கு அழைத்துப் போங்கள், மேலேயிருந்து பார்த்தால் ஹேஸ்டாக் தெற்கே முழுசாகத் தெரியும், பெரியவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கலாம். போர்ட்லாந்தில் வெயில் கொளுத்துகிற நாளிலும் இங்கே பனிமூட்டமும் காற்றுமாக இருக்கும் என்பதை மட்டும் அவர்களுக்கு முன்பே சொல்லி ஸ்வெட்டர், குல்லா எடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டரைக் கோடி வருஷம் என்றும் மூன்று கோடி என்றும் அந்தப் பாறைக்கு வயது சொல்கிறவர்கள் உண்டு, அவ்வளவு இல்லை. சுமார் ஒன்றரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் கிழக்கே வெகு தூரத்தில் தரை பிளந்து வழிந்த எரிமலைக் குழம்பு, நூற்றுக்கணக்கான மைல் ஓடி வந்து கடலோரச் சேற்றில் புதைந்து இறுகியது. சுற்றியிருந்த மெத்தென்ற மண்ணையெல்லாம் கடல் அரித்துக்கொண்டு போக, இது மட்டும் நின்றுவிட்டது. ஆளும் நரியும் எளிதில் ஏற முடியாத செங்குத்தாக இருப்பதால்தான் பறவைகள் இதைத் தேர்ந்தெடுத்தன.

விதிவிலக்காக 2023 ஜூலையில் ஒரு கூகர், மலைச்சிங்கம், எப்படியோ அதன் மேல் ஏறிவிட்டது. பறவை வாசனைக்கு வந்திருக்கும். காலையில் பார்த்ததும் பாறையைச் சுற்றிக் கடற்கரையை மூடினார்கள், துப்பாக்கியும் வலையுமாக ஓடவில்லை, ஆட்களை மட்டும் விலக்கி அது தானாக இறங்கிப் போக வழி விட்டார்கள். அன்று ராத்திரி இறங்கிப் போய்விட்டது. கோடைக்கால ஞாயிற்றுக்கிழமை, எவ்வளவு கூட்டம் இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அத்தனை பேரும் ஒரு நாள் அந்தப் பாறையை விட்டுத் தள்ளி நின்றார்கள். புலி மாதிரி ஒன்று இருந்ததால் நின்றார்கள், சரி. முக்கால் கிலோ பறவைக்காகவும் நிற்க முடியும் என்று நான் நம்புகிறேன். சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் வேட்டங்குடிக்கு வருகிற பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கே வெடி போடுவதில்லை, அந்த ஊர்ப் பிள்ளைகளும் பிள்ளைகள்தானே. வெடி என்றதும் நினைவுக்கு வருகிறது, ஜூலை நாலாம் தேதிக்கு வாங்கிய பட்டாசில் மிச்சத்தைக் கடற்கரைக்கு எடுத்துப் போகாதீர்கள். ஓரிகன் கடற்கரை முழுவதும் பட்டாசுக்குத் தடை, அந்தச் சமயம் பஃபின் வளைகளில் முட்டையும் குஞ்சுமாக இருக்கும்.

இனி இந்தக் கோடையில் பிக்னிக் ஏற்பாடு செய்கிற அண்ணன்மார், அக்காமார்களுக்கு. அழைப்புச் செய்தியில் பார்க்கிங், சாப்பாடு, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று எழுதுவீர்கள் அல்லவா, அதோடு "பாறை மேல் ஏற வேண்டாம், பறவைகள் அடைகாக்கின்றன, ட்ரோன் வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். முடிந்தால் ஒரு நாள் சாயங்காலத்துக்குப் பதில் காலையில் கடல் உள்வாங்குகிற லோ டைடுக்கே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், டெலஸ்கோப் வைத்திருப்பவர்கள் அவர்களுக்குப் பஃபினைக் காட்டுவார்கள். ஒருமுறை அந்தப் பொன்னிறக் குஞ்சத்தைக் கண்ணால் பார்த்த பிள்ளை அப்புறம் தானும் ஏறாது, ஏறுகிற மாமாவையும் விடாது.

சாயங்காலம் அங்கே இருக்கும்போது யாராவது ஏறினால், நம்மவரோ வேறு யாரோ, சத்தம் போட வேண்டாம், சண்டை வேண்டாம். பக்கத்தில் போய், மேலே கூடு இருக்கிறது என்று சொல்லுங்கள். நான் பார்த்த வரைக்கும் பெரும்பாலும் இறங்கிவிடுகிறார்கள். இறங்காதவர்களிடம் மல்லுக்கு நிற்காதீர்கள், நம் குடும்பம் தள்ளியே இருக்கட்டும்.

நம் பக்கத்தில் பைனாகுலர் இல்லாதவர்கள் என்னிடம் கேளுங்கள், இரண்டு வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுத்தால் போதும். இந்த மடலை உங்கள் குழுக்களில் அனுப்புவதற்கு என்னைக் கேட்க வேண்டியதில்லை.

அன்புடன்,
பீவர்ட்டனிலிருந்து உங்களில் ஒருவன்